சம்பளத்தோடு டிகிரி... ஆனால் குரு ஸ்க்ரீனுக்குள்ளே!

கல்லூரிக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. முதல் மாதத்திலிருந்தே சம்பளம். மூன்று அல்லது நான்கு வருடம் கழித்துக் கையில் ஒரு பட்டம், கூடவே அத்தனை வருட வேலை அனுபவம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் எந்த வீட்டில் போய் இதைச் சொன்னாலும், 'இதில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்குமோ?' என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏமாற்று எல்லாம் இல்லை. இங்கிலாந்தில் அரசாங்க விதிகளின்படி பத்து வருடமாக நடந்துவரும் ஏற்பாடு இது. பெயர், டிகிரி அப்ரன்டிஸ்ஷிப்.

2015-ல் இது தொடங்கியபோது முதல் வரிசையில் வந்து நின்றது கம்ப்யூட்டர் துறைதான். 'டிஜிட்டல் அண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்' என்று கொஞ்சம் நீளமான பெயர் வைத்தார்கள். அதற்குள் சாஃப்ட்வேர் இன்ஜினீயர், டேட்டா அனலிஸ்ட், சைபர் செக்யூரிட்டி, நெட்வொர்க் எனப் பிரிவுகள். பிள்ளை ஒரு நிறுவனத்தில் ஊழியர். அதே நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர். இரண்டுக்கும் நடுவே ஒப்பந்தம்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 அன்று பிரிட்டன் ஊரடங்கை அறிவிக்க, இந்தப் பிள்ளைகளும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் சாஃப்ட்வேர் துறையில் பலர் பழையபடி ஐந்து நாள் ஆபீஸுக்குத் திரும்பவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஆபீஸ், சில நிறுவனங்களில் அதுவும் இல்லை. பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு இது வரம். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பதினெட்டு வயதுக்காரருக்கு? தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் இருநூறு மைல் தள்ளி ஒரு சின்னச் சதுரத்துக்குள் முகம் காட்டுகிறார். இதில் தொழில் படியுமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடலாம். இங்கிலாந்தில் சாதாரணமாகப் பல்கலைக்கழகம் போகும் உள்நாட்டு மாணவருக்கு 2025-26 கல்வியாண்டில் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்ட். மூன்று வருடத்துக்கு 28,000 பவுண்டைத் தாண்டும். பெரும்பாலானவர்கள் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். டிகிரி அப்ரன்டிஸுக்கு அந்தக் கடன் இல்லை. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களிடம் 2017 ஏப்ரலிலிருந்து 0.5 சதவீதம் 'அப்ரன்டிஸ்ஷிப் லெவி' என்று அரசு வசூலிக்கிறது. படிப்புச் செலவு அந்த நிதியிலிருந்து போகிறது.

சம்பளம்? அப்ரன்டிஸுக்கான சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்ட். சாஃப்ட்வேர் நிறுவனங்கள் பொதுவாக இதைவிட அதிகம்தான் கொடுக்கின்றன.

பதிலுக்குச் சட்டம் ஒன்றை வற்புறுத்துகிறது. வேலை நேரத்துக்குள்ளேயே படிக்க நேரம் ஒதுக்க வேண்டும். முன்பு மொத்த வேலை நேரத்தில் 20 சதவீதம் என்று இருந்தது. 2022 ஆகஸ்டில், வாரத்துக்குச் சராசரியாக 6 மணி நேரமாவது என்று மாற்றினார்கள். நடைமுறையில் நிறைய இடங்களில் வாரத்தில் ஒரு நாள் படிப்பு, நான்கு நாள் வேலை.

காகிதத்தில் எல்லாம் கச்சிதம். சிக்கல் அந்த நான்கு நாளில் இருக்கிறது.

மெக்கானிக் கடையின் ரகசியம்

நம் ஊர் டூ வீலர் மெக்கானிக் கடையில் வேலை பழகும் பையனைக் கவனித்திருப்பீர்கள். யாரும் அவனை உட்காரவைத்துப் பாடம் எடுப்பதில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், டீ வாங்கி வருவான். நடுவே அண்ணன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, 'இது செயின் இல்லடா, பேரிங்கு' என்று வண்டிக்காரரிடம் சொல்வார். அது பையனுக்குச் சொன்னதே இல்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டது. ஒரு வருடத்தில் இப்படி எத்தனையோ விழும். அதுதான் அவன் சிலபஸ்.

இங்கிலாந்தும் இதை நன்றாகவே அறிந்த நாடு. முதலாம் எலிசபெத் காலத்தில், 1563-ல் போட்ட சட்டம் ஒன்று, கைத்தொழில் செய்ய விரும்புகிறவர் ஏழு வருடம் பழகியாக வேண்டும் என்றது. பழகுகிற பிள்ளை பெரும்பாலும் முதலாளி வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு வளர்ந்தான். நம் குருகுலம் மாதிரிதான். அப்ரன்டிஸ் என்ற வார்த்தைக்குள்ளேயே 'கூட இருப்பது' என்பது அடங்கியிருந்தது.

சாஃப்ட்வேரிலும் கூட இருந்து கற்பது நிறைய உண்டு. கோட் எழுதுவதை யூடியூபில் பார்த்துக் கற்றுவிடலாம். 'இந்த ஃபைலைத் தொடாதே, தொட்டால் பில்லிங் டீம் அலறும்' என்பதை எந்த யூடியூப் சொல்லும்? சீனியர் ஒருவர் பிழையைத் தேடும்போது முதலில் எங்கே பார்க்கிறார், எதை வெறுமனே தாண்டிப் போகிறார், எப்போது பெருமூச்சு விட்டு எழுந்து காபி குடிக்கப் போகிறார்... இதெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தால் தானாக வந்து சேரும். வீட்டில் இருந்தால் வராது. யாராவது முயற்சி எடுத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மூன்று நாள் மௌனம்

ஓர் உதாரணத்துக்கு லீட்ஸ் நகரத்தில் அப்பா, அம்மாவோடு வசிக்கும் 19 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிறுவனம் லண்டனில். பல்கலைக்கழகம் இன்னோர் ஊரில், வகுப்புகள் ஆன்லைனில். மாடியில் அவர் தூங்கும் அறைதான் ஆபீஸ், அதே மேசைதான் வகுப்பறை.

சேர்ந்து நான்காவது மாதம், ஜூன். ஒரு சின்ன வேலை கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்குப் போகும் ரசீதில் சிலருக்கு மட்டும் ஒரு நாள் முந்தைய தேதி விழுகிறது. சரி செய்ய வேண்டும். அவர் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கிறார். தேதி சரியாக வருகிறது. டெஸ்ட் சர்வரில் போட்டால் தப்பாக வருகிறது. அதே கோட், அதே டேட்டா.

காலை 9.30-க்கு ஸ்டாண்ட்-அப். டீமில் ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். 'தேதி டிக்கெட்தான் பார்த்துட்டிருக்கேன், நல்லா போகுது' என்கிறார். மறுநாளும் 'நல்லா போகுது.' மூன்றாம் நாளும் அதே. கேமரா அணைந்ததும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஒரு சீனியர் வேறு ஏதோ விஷயமாக அழைத்தவர், போகிற போக்கில் விசாரிக்கிறார். ஸ்க்ரீனைப் பகிர்ந்து காட்டச் சொல்கிறார். 'உன் மெஷின்ல டைம் ஸோன் என்ன? சர்வர்ல என்ன?' அவ்வளவுதான் கேள்வி. பிரிட்டனில் மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். லேப்டாப் அந்தக் கோடை நேரத்தில் ஓடுகிறது. சர்வர் வருடம் முழுக்க மாறாத யு.டி.சி. நேரத்தில் ஓடுகிறது. லண்டனில் நள்ளிரவு 12.30-க்கு வந்த ஆர்டர், சர்வருக்கு முந்தைய நாள் இரவு 11.30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் குறையத்தானே செய்யும்? 'இதுல நானே ரெண்டு தடவை மாட்டியிருக்கேன்' என்று அவர் சிரிக்கிறார். பத்து நிமிடம்.

மூன்று நாள் போனது அந்தப் பத்து நிமிடத்துக்காக. ஆபீஸாக இருந்தால் முதல் நாள் மதியமே யாராவது அவர் முகத்தைப் பார்த்து, 'என்ன ஆச்சு?' என்று கேட்டிருப்பார்கள்.

கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். வெளியே இருந்து சொல்வது சுலபம். ஆபீஸில் ஒரு கேள்வி கேட்பது தலையைத் திருப்புவது மட்டும்தான். எதிரில் இருப்பவர் பிஸியா, எரிச்சலில் இருக்கிறாரா, ஓய்வாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம். சாட்டில் அது தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும். கேள்வியை டைப் செய்ய வேண்டும். டைப் செய்ததைத் திரும்பப் படித்தால் முட்டாள்தனமாகத் தெரிகிறது. அழித்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் தானே தேடலாம் என்று தோன்றுகிறது. எழுத்தில் கேட்ட கேள்வி அப்படியே நிரந்தரமாக நிற்கும் என்ற பயம் வேறு.

இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. சாதாரணக் கல்லூரி மாணவர் ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்றால் போவது கொஞ்சம் மதிப்பெண். இங்கே 'புரியவில்லை' என்று சொல்வது, சம்பளம் கொடுப்பவரிடம். அந்த வேலை இருக்கும்வரைதான் அந்த டிகிரியும். ஆட்குறைப்பில் வேலை போனால், படிப்பு முக்கால்வாசி முடிந்திருந்தாலோ ஆறு மாதத்துக்குள் முடியப்போகிறது என்றாலோ அரசு நிதியில் முடித்துவிடலாம். அதற்கு முன்பாக இருந்தால், வேறொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள சுமார் 12 வாரம் அவகாசம். அதற்குள் கிடைக்காவிட்டால் படிப்பும் பாதியில் நிற்கும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் 'நல்லா போகுது' என்று சொன்னால், அதைச் சோம்பேறித்தனம் என்றோ திமிர் என்றோ சொல்ல முடியுமா?

ஆய்வு சொன்ன விஷயம்

இது வெறும் ஊகம் இல்லை. நட்டாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலே என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்றின் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்களை ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நிறுவனத்துக்குச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு கட்டடங்கள். சில டீம்கள் முழுசாக ஒரே கட்டடத்தில். சில டீம்கள் இரண்டிலும் பிரிந்து. ஒருவர் எழுதிய கோடை மற்றவர்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள் அல்லவா, கோட் ரிவ்யூ என்பார்கள். கொரோனாவுக்கு முன்பு, ஒரே கட்டடத்தில் இருந்த டீம்களின் ஆட்களுக்கு அந்தக் கருத்துகள் 22 சதவீதம் அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. ஆபீஸ் மூடி எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் பெருமளவு காணாமல் போனது.

கவனியுங்கள், கருத்து எழுதுவது அப்போதும் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் எழுதியிருக்கிறார்கள். பலன் அதிகம் கிடைத்தது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், இளையவர்களுக்கும், பெண்களுக்கும். டீமில் ஒரே ஓர் ஆள் தூரத்தில் இருந்தாலே மற்றவர்களுக்குள்ளும் இந்தப் பரிமாற்றம் குறைந்தது.

ஆய்வின் இன்னொரு பாதியைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சீனியர்கள் அந்த நேரத்தில் எழுதிய கோட் குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்தபோது அவர்கள் கை வேகமாக ஓடியது. கற்பிக்க ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் சீனியர். வீட்டு வேலை அவரை அந்தச் செலவிலிருந்து காப்பாற்றுகிறது. அதனால்தான் 'வீட்டிலிருந்து வேலை செய்ததில் உற்பத்தி கூடியது' என்று ஒரு மேனேஜர் மார்தட்டும்போது, யாருடைய உற்பத்தி, எந்த வருடத்து உற்பத்தி என்று கேட்கத் தோன்றுகிறது.

வழி இல்லாமல் இல்லை

நன்றாக நடத்தும் டீம்களும் இருக்கின்றன. அவர்கள் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் முட்டியும் வழி தெரியாவிட்டால் கேட்டே ஆக வேண்டும் என்று விதியாகவே வைத்துவிடுகிறார்கள். கேட்பது பலவீனம் என்பது போய், கேட்காமல் இருப்பது விதிமீறல் ஆகிறது. பயந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

அடுத்தது, கேள்வியைத் தனிச் சாட்டில் அனுப்பாமல் டீம் முழுவதும் பார்க்கும் இடத்தில் போடச் சொல்வது. ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். ஆனால் பதில் எல்லோருக்கும் கிடைக்கும். ஆறு மாதம் கழித்துச் சேருகிறவர் தேடினாலும் கிடைக்கும். இதில் சீனியர்களின் பங்குதான் முக்கியம். பதினைந்து வருட அனுபவசாலி அதே இடத்தில், 'இது எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்காவது தெரியுமா? எனக்குப் புரியலை' என்று ஒரு முறை எழுதினால் போதும், இளையவர்களின் தயக்கம் பாதி போய்விடும்.

பேர் புரோகிராமிங் என்று ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேர் ஒரே கோடை ஒன்றாக எழுதுவது. ஒருவர் டைப் செய்வார், இன்னொருவர் பார்த்துக்கொண்டே யோசிப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். இணைய வழியாகவே இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்த இப்போது வசதிகள் இருக்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால், மெக்கானிக் கடைப் பையன் காதில் விழுந்த மாதிரி நிறைய விழும். சில டீம்களில் மதியம் இரண்டு மணி நேரம் ஒரு வீடியோ அழைப்பைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். யாரும் பேச வேண்டியதில்லை. அவரவர் வேலையைப் பார்க்கலாம். வாய்விட்டுத் திட்டினால் கேட்பதற்கு ஆள் இருக்கும். கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடுதான். ஆனால் பக்கத்து நாற்காலிக்கு மிக அருகில் வருவது இதுதான்.

ஏ.ஐ. இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் இப்போது வருகிறது. நியாயம்தான், ராத்திரி 11 மணிக்குக்கூடக் கூச்சமின்றிக் கேட்கலாம், முகம் சுளிக்காது. டைம் ஸோன் சந்தேகத்தைக்கூட அது தீர்த்துவைத்திருக்கும், கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாத கட்டம் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் ஆள் தேவைப்படுகிறார். அதோடு, சரிபார்க்கத் தெரியாத வயதில் வருகிற பதிலை அப்படியே ஒட்டினால், ரிவ்யூவில் 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற கேள்விக்கு விழிக்க வேண்டியிருக்கும். டிகிரி முடிவிலும் அதே கதைதான். இந்தப் படிப்பில் கடைசியாக ஒரு இறுதி மதிப்பீடு உண்டு. செய்த ப்ராஜெக்ட்டையும் தொழிலில் சேர்த்த அனுபவத்தையும் மதிப்பீட்டாளர் எதிரில் விளக்கிப் பேச வேண்டும். அங்கே ஒட்டி வைத்த கோட் உதவாது.

படிப்பு நாள் எங்கே போனது?

வீட்டில் இருந்து வேலை பார்ப்பவருக்கு எளிதில் திருடுபோவது அந்த ஒரு நாள் படிப்பு நேரம்தான். ஆள் வகுப்புக்குக் கிளம்பிப் போனால் நாற்காலி காலியாக இருக்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் இருந்தால் அதே லேப்டாப், அதே பச்சைப் புள்ளி. 'ஒரு அஞ்சு நிமிஷம்' என்று ஒரு மெசேஜ், அப்புறம் அவசர மீட்டிங் ஒன்று. மாலை வந்தால் அசைன்மென்ட் அப்படியே இருக்கும். அப்புறம் அது இரவு வேலை ஆகிவிடும். அப்படி இரவில் படித்தது சட்டப்படி இந்தப் பயிற்சி நேரக் கணக்கில் சேராது. சம்பளம் வாங்கும் வேலை நேரத்துக்குள் படித்தால்தான் கணக்கு.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்ரன்டிஸ், மேனேஜர், பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மூவரும் உட்கார்ந்து பேசும் மதிப்பாய்வு. படிப்பு நேரம் கிடைக்கிறதா என்ற கேள்வி அங்கே வரும். மேனேஜர் எதிரிலேயே 'கிடைக்கவில்லை' என்று சொல்ல ஒரு பதினெட்டு வயதுக்காரருக்குத் தைரியம் வருமா என்பது வேறு விஷயம். விவரம் தெரிந்தவர்கள் வாராவாரம் படித்த மணிக்கணக்கை எழுதி வைத்துவிடுகிறார்கள். அதைத்தான் பல்கலைக்கழகமும் கேட்கிறது. எழுதிய கணக்கு இருந்தால் வாய் திறக்காமலே விஷயம் வெளியே வரும்.

வீட்டிலும் ஒரு போராட்டம். பிள்ளை மாடியில்தானே இருக்கிறது என்று பார்சல் வாங்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, சமையல் முடிந்ததும் கூப்பிட என்று எல்லாம் நடக்கும். இது லீட்ஸிலும் நடக்கும், மதுரையிலும் நடக்கும். கதவு மூடியிருந்தால் பிள்ளை ஆபீஸில் இருக்கிறது என்று வீடு பழகிக்கொள்ள மாதக்கணக்காகும். வயதொத்த நண்பர்கள் ஹாஸ்டலில் கூத்தடிக்கும் படங்களை இன்ஸ்டாகிராமில் பார்த்துக்கொண்டு, காலை எழுந்து தூங்கிய அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் தனிமையும் உண்டு. அதைச் சம்பளம் ஈடுகட்டும் என்று பெரியவர்கள் சொல்லலாம். மாதக் கடைசியில் அது உண்மை. மற்ற நாட்களில் அவ்வளவாக இல்லை.

யாருக்கு இது வரம்?

அதற்காக எல்லோரையும் ஆபீஸுக்கு இழுத்து வா என்று கிளம்புவதும் தப்பு. லண்டன் வாடகையை ஓர் அப்ரன்டிஸ் சம்பளத்தில் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அறிவார்கள். சாஃப்ட்வேர் நிறுவனமே இல்லாத கடலோரச் சிற்றூரில் இருக்கும் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து வேலை என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தப் படிப்பே இல்லை. நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், காது சரியாகக் கேட்காமல் வீடியோ அழைப்பின் எழுத்து வரிகளை நம்பியிருப்பவர்... இவர்களிடம் போய்ப் பக்கத்து நாற்காலியின் பெருமையைப் பேச முடியாது.

சீனாவின் டிரிப் டாட் காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டபோது, வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; வேலைத் திறனில் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் அவர்கள் பட்டதாரி ஊழியர்கள், மூன்று நாள் ஆபீஸ் வருகிறவர்கள். அந்த மூன்று நாள்தான் அப்ரன்டிஸுக்குத் தேவைப்படுகிறது. முதல் ஆறு மாதமாவது வாரத்தில் இரண்டு, மூன்று நாள் ஆபீஸ். பயணச் செலவு நிறுவனத்துடையது. அதே நாளில் சீனியரும் வர வேண்டும். கடைசி நிபந்தனையைப் பல நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. பிள்ளை இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து காலி ஆபீஸில் உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் சீனியரோடு வீடியோவில் பேசுவதில் யாருக்கு லாபம்?

நம் பிள்ளைகளுக்கு?

'வீட்டிலிருந்துதானே வேலை, அப்படியானால் சென்னையிலிருந்தே சேரலாமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில்: முடியாது. இங்கிலாந்தின் நிதி விதிப்படி அப்ரன்டிஸ் தன் வேலை நேரத்தில் பாதியாவது இங்கிலாந்துக்குள் செலவிட வேண்டும். பொதுவாக மூன்று வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும். ஸ்டூடன்ட் விசாவில் போனவர்கள் சேர முடியாது. 'டிகிரி அப்ரன்டிஸ்ஷிப்பில் சேர்த்துவிட்டு விசா வாங்கித் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. காலியிடங்கள் அரசின் 'ஃபைண்ட் அன் அப்ரன்டிஸ்ஷிப்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் தனி.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான ஏற்பாடுகள் இருக்கின்றன. எச்.சி.எல். நிறுவனத்தின் 'டெக்பீ' திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க வழி செய்கிறது. பிட்ஸ் பிலானி 1979 முதலே வேலையில் இருப்பவர்களுக்கான பட்டப்படிப்புகளை நடத்திவருகிறது. அப்ரன்டிஸ்ஷிப்பைப் பட்டப்படிப்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டணத்தை யார் கட்டுவது, நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்க வேண்டும்.

நேர்காணலின் கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் 'இல்லை சார்' என்று எழுந்துவிடுவார்கள். கேட்க வேண்டியது இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார், அதற்காக அவருடைய மற்ற வேலையைக் குறைத்திருக்கிறீர்களா? வாரத்தில் எந்த நாள் அவர் ஆபீஸில் இருப்பார்? படிப்பு நாளன்று மீட்டிங் வந்தால் நான் மறுக்கலாமா? போன வருடம் சேர்ந்த அப்ரன்டிஸ் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு உடனே போன் நம்பர் கொடுக்கும் நிறுவனம் என்றால் தைரியமாக அடுத்த அடி வைக்கலாம். 'ஹெச்.ஆரைக் கேட்டுச் சொல்கிறோம்' என்றால், இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.